நாலு மணி நேரப் பயணத்தின் பதினான்கு மணி நேரம்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், நெல்லிக்குப்பம் தாண்டியதும் வருகிற பேரூர் மேல்பட்டாம்பாக்கம். வடக்கே தென்பெண்ணை, ஊரையொட்டி விழுப்புரம் - மயிலாடுதுறை ரயில் பாதை. இந்த வட்டாரத்திலும், தெற்கே சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையிலும், வீட்டில் ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்ப்பது பழகிப்போன வாழ்க்கை. "சிங்கப்பூர் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூட "நாலு மணி நேரம்" என்று சொல்லிவிடும்.

சென்னை - சிங்கப்பூர் விமானத்துக்கு அந்தக் கணக்கு சரி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அது பொருந்தாது. இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத் தூரம் இவ்வளவு, பயண நேரம் இவ்வளவு என்று நாம் படிக்கிற எண்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும் எடுத்தவை. அவற்றின் இரு முனைகளிலும் விடுபட்டுப்போகிற நேரமே சிறு ஊர்க்காரருடைய பயணத்தின் பெரும்பகுதி.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பூமியின் வளைவை ஒட்டி இரு இடங்களுக்கு இடையே போகக்கூடிய மிகக் குறுகிய கோடுதான் விமானத் தூரம் என்று குறிக்கப்படுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. திருச்சி விமான நிலையமும் அதே 150 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது. வடகிழக்கே ஒன்று, தென்மேற்கே ஒன்று, ஊர் நடுவில்.

அங்கிருந்து மேலே போட்ட கணக்கு எனக்கே வியப்பாக இருந்தது. சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி சுமார் 2,920 கிலோமீட்டர். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நேராகப் பறக்க முடிந்தால், அதுவும் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர்தான். ஆக, சென்னைக்குப் போய்ச் சேர்கிற அந்த 150 கிலோமீட்டரால் சிங்கப்பூர் பத்துக் கிலோமீட்டர்கூடக் கிட்டே வருவதில்லை. திருச்சிக்குப் போனால் ஐம்பது அறுபது கிலோமீட்டர் விலகியே போகிறோம். துபாய் கணக்கும் இப்படித்தான்: சென்னையிலிருந்து 2,930, திருச்சியிலிருந்து 2,940, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து 2,960 கிலோமீட்டர் வாக்கில் வரும். கிழக்கே பிழைக்கப் போனவருக்கும் மேற்கே பிழைக்கப் போனவருக்கும் இந்த ஊர் கிட்டத்தட்ட ஒரே தொலைவு.

இப்படித் துல்லியமாகத் தூரம் சொல்லும் வித்தைக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பற்றிக் கடலூர் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 1802 ஏப்ரலில், மெட்ராஸின் பரங்கிமலைக்கு அருகே, வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி தரையில் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலி, நாற்பது கண்ணிகள். வெயிலில் எஃகு நீளும், மாலையில் சுருங்கும் என்பதால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு அளவிலும் வெப்பத்துக்கான திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். நானூறு தடவை சங்கிலியை எடுத்து வைத்து முடித்தபோது கிடைத்த நீளம் 40,006 அடிக்குச் சற்று மேல். ஏறக்குறைய ஏழரை மைல். சித்திரை, வைகாசி வெயிலில், தென் சென்னையின் வெட்டவெளியில், அடிக்குள்ளும் பின்னம் பார்த்து நடந்த வேலை அது.

அந்தச் சங்கிலிக்கே ஒரு பயணக் கதை உண்டு. 1793இல் மெக்கார்ட்னி பிரபு தலைமையில் சீனப் பேரரசரிடம் போன பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் ஒன்று அது. அங்கே ஏற்கப்படாமல் கல்கத்தா வந்து, பிறகு லாம்டன் கைக்குக் கிடைத்தது. கோணம் அளக்க இங்கிலாந்திலிருந்து வரவழைத்த, அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டை வழியில் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டது. என்ன கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மரியாதையோடு மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார்.

முக்கோணத்துக்கு அடிக்கோடாக அந்த நேர்க்கோட்டை அளந்தாயிற்று. இனி அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்றுகளுக்குக் கோணம் எடுத்தால் போதும்; முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கங்களை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம். கருங்குழி போன்ற உயரங்களில் நிலையம் வைத்து, முக்கோணம் முக்கோணமாக லாம்டன் தெற்கே இறங்கினார். அந்த முதல் வரிசை முடிந்த தென்முனையை அவருடைய அறிக்கை 'ட்ரிவாண்டிபோரம்' என்று எழுதுகிறது. அது நம் திருவந்திபுரம். கெடிலக்கரையில் தேவநாதசுவாமி கோயில் கொண்ட ஊர். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே நட்சத்திரங்களின் உச்சக் கோணத்தை அளந்து அவர் கண்ட அட்சரேகை 11 பாகை 44 கலை 52 விகலை. இன்றைக்குக் கைபேசியை எடுத்துப் பார்த்தாலும் அந்த ஊர் அங்கேதான் இருக்கிறது.

மெட்ராஸுக்கு வடக்கே உள்ள இன்னொரு நிலையத்துக்கும் திருவந்திபுரத்துக்கும் இடையே உள்ள அட்சரேகை வேறுபாடு ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். தரையில் கிடைத்த தூரத்தை வானத்தில் கிடைத்த கோணத்தால் வகுத்து, நம் பகுதியில் ஒரு பாகைக்கு 60,494 ஃபேதம் என்று லாம்டன் சொன்னார். மீட்டரில் 1,10,631. இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் 1984ஆம் ஆண்டுப் பூமி வடிவத்தை வைத்து அதே இடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,10,627 மீட்டர் வருகிறது. நூற்றுப்பத்துக் கிலோமீட்டருக்கு நாலைந்து மீட்டர் வித்தியாசம்! எஃகுச் சங்கிலியும் நட்சத்திரமும் மட்டும் துணையாக இருந்த காலத்தில் இது சாதனையிலும் சாதனை. இங்கே தொடங்கிய வேலைதான் குமரி முனையிலிருந்து இமயம் நோக்கிப் போன பேரளவாக வளர்ந்தது. லாம்டன் 1823இல், வேலை முடியாமலே, ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூமி வடிவம்தான் இந்திய நில வரைபடங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது.

தூரம், ஆக, தீர்ந்துபோன கேள்வி. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தீர்த்துவைத்துவிட்டார்கள். நேரம் அப்படித் தீரவில்லை.

கடல்வழிக் காலத்திலிருந்தே பார்ப்போம். 1860களில் கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மிஷன் நிலையத்தைத் தொடங்கி, அதற்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். டேனிஷ் மிஷன் சங்கத்தின் தென்னிந்தியப் பணிக்கு அதுவே தொடக்கம். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தப் பணியிலிருந்து வளர்ந்தது. கோபன்ஹேகனுக்கும் மேல்பட்டாம்பாக்கத்துக்கும் நேர்க்கோட்டில் 7,500 கிலோமீட்டர். அன்றைக்குப் பாய்மரக் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இருபதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவர வேண்டும்; நாலைந்து மாதம் பிடிக்கும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கடல்வழி மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. நீராவிக் கப்பல் மாதங்களை வாரங்களாக்கியது.

கிழக்கே போனவர்களுக்குத் துறைமுகம் நாகப்பட்டினம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அது நேர்க்கோட்டில் 115 கிலோமீட்டருக்குள். ரயில் ஏறினால் சிதம்பரம், மாயவரம், திருவாரூர் வழியாகப் போய்விடலாம். 1926இல் கட்டிய ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை மெட்ராஸ், நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அதன் இடத்துக்கு வந்தது எம்.வி. சிதம்பரம். கடலில் மட்டும் ஒரு வாரத்தை ஒட்டிய பயணம். 1984இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள்; அந்தக் கடல்வழிப் பயணிகள் சேவையும் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு இந்தப் பகுதி மக்களுக்குச் சிங்கப்பூர் என்றால் விமானம்தான். ஒரு வாரம் நாலு மணி நேரமானது. அதே வேளையில், ஏறும் இடம் நாகையிலிருந்து சென்னைக்குத் தள்ளிப்போனது.

அந்த நாலு மணி நேரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இந்தத் தடத்தில் ஓடுகிற நடுத்தர ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் போகும். 2,920 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்குப் போகும் ஊர்தலும், வரிசையில் நிற்பதும், இறங்கிய பின் வாயிலுக்கு வந்து சேர்வதும் உண்டு. இவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை சேர்க்க வேண்டும். பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் வாயிலிலிருந்து நகர்ந்தது முதல் மறு வாயிலில் நின்றது வரை. தாமதம் என்று பெயர் வராதிருக்க விமான நிறுவனங்கள் அதிலும் சில நிமிடங்களைக் கூட்டியே வைப்பது வழக்கம்.

காற்றின் பங்கு சிறியதில்லை. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் உயரக் காற்றோட்டத்தின் வீச்சு துபாய் தடத்தைத் தொடும். அறுபது கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் துபாய்க்குப் போக மூன்று மணி ஐம்பது நிமிடம்; அதே காற்று முதுகில் தள்ளினால் திரும்பிவர மூன்று மணி இருபது நிமிடம். பறக்கும் நேரத்திலேயே அரை மணி வித்தியாசம். தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே இன்னும் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் பாய்கிறது. 1950களில் அதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம். நேரக்கணக்கில் இன்னொரு குழப்பம் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே. அதனால் சீட்டைப் பார்த்தால் துபாய் போவது மூன்று மணி நேரத்துக்குள் முடிவதுபோலவும், சிங்கப்பூர் போவது ஆறரை மணியைத் தாண்டுவதுபோலவும் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரப் பயணம்.

இனி தரையில் கழியும் நேரம். இரவு 11 மணிக்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சாலைத் தூரம் 180 கிலோமீட்டரை ஒட்டி வரும். காரில் நான்கு மணி நேரத்தில் போகலாம். ஆனால் நான்கு மணி நேரத்தை நம்பி யாரும் கிளம்புவதில்லை. அரவைப் பருவமாக இருந்தால் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். டிரெய்லருக்கு வெளியே இரு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே பேருந்து வந்தால் ஏறிக் கடக்க இடமிருக்காது. பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிக் கடைத்தெரு நெரிசல். தாம்பரத்தை நெருங்கினால் அது தனிக் கணக்கு. ஆகவே மூன்று மணிக்கே வேன் வாசலில் நிற்கும். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, ஐஸ் வைத்த பார்சலை ஓரமாக இறுக்கி, வழியனுப்ப நாலு பேர் ஏறிக்கொள்வார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பியவர் சாங்கியில் இறங்கும்போது நம் கடிகாரப்படி அதிகாலை மூன்றேகால் இருக்கும். குடிநுழைவு, பெட்டி, தங்குமிடம் போகும் வண்டி என்று இன்னும் ஒன்றரை இரண்டு மணி நேரம். மொத்தம் பதினான்கு மணி. 2,920 கிலோமீட்டரைப் பதினான்கால் வகுத்தால் மணிக்கு 210 கிலோமீட்டர் வருகிறது. 830 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானத்தில் ஏறியும், வாசலிலிருந்து வாசல் வரைக்கும் பார்த்தால் அவருக்குக் கிடைக்கிற வேகம் அதில் கால் பங்குதான். நாளைக்கே விமானங்கள் பத்துச் சதவீதம் வேகமாகப் பறந்தாலும் அவருக்கு மிச்சமாவது இருபது நிமிடம். பேருந்தில் போகிறவர் சென்னைக்குள் ஒரே ஒரு இடத்தில் வண்டி மாறுவதைத் தவிர்த்தால் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

ஊருக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் வந்தால் தீராதா என்று கேட்கத் தோன்றும். ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. நெய்வேலி ஓடுபாதை நேர்க்கோட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டருக்குள். புதுச்சேரி விமான நிலையம் முப்பதுக்குள். நெய்வேலிக்கு ஒரு காலத்தில் வாயுதூத் சிறு விமானங்கள் வந்து போயின. 2017இல் உடான் திட்டத்தின் முதல் சுற்றுப் பட்டியலிலேயே நெய்வேலியின் பெயர் இருந்தது. வழக்கமான பயணிகள் சேவை இன்னும் தொடங்கவில்லை. புதுச்சேரியில் சேவை வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. 2024 மார்ச்சில் நின்ற விமானம், டிசம்பரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானங்களோடு பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மீண்டும் தொடங்கியது. அங்குள்ள ஓடுபாதை 1,500 மீட்டர் அளவுதான். பெரிய ஜெட் இறங்காது; நீட்டுவதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிலம் எடுத்தாக வேண்டும்.

இதில் தூரத்தைப் பார்த்து முடிவெடுப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பது புரிகிறது. புதுச்சேரியிலிருந்து பெங்களூர் விமான நிலையம் நேர்க்கோட்டில் 265 கிலோமீட்டர். சாலையில் 300க்கு மேல், ஆறேழு மணி நேரம். விமானத்தில் ஒரு மணிக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் முன்னே போய்க் காத்திருந்தாலும் லாபம் உண்டு. நெய்வேலியிலிருந்து சென்னை 170 கிலோமீட்டருக்குள். முக்கால் மணியில் பறந்துவிடலாம். ஆனால் நெய்வேலிக்குப் போக ஒரு மணி, காத்திருக்க ஒரு மணி, பறக்க முக்கால் மணி, சென்னையில் இறங்கிப் பெட்டி எடுத்துப் பன்னாட்டு முனையத்துக்கு மாற இன்னொரு மணி. காரில் போகும் நாலு மணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கட்டணமோ பல மடங்கு. குறுந்தூரத்தில் விமானத்தின் வேகம் ஏறுவதிலும் இறங்குவதிலும் செலவாகிவிடுகிறது. நெய்வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னைக்கு என்று திட்டமிட்டால் அது மேல்பட்டாம்பாக்கத்துக்காரரின் நேரத்தை மிச்சப்படுத்தாது. பெங்களூர், ஹைதராபாத் போன்ற தூரத்து நகரங்களுக்குத் திட்டமிட்டால் மிச்சப்படுத்தலாம்.

திருச்சியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நேரடி விமானம் உண்டு; 2024இல் புதிய முனையமும் வந்துவிட்டது. மேல்பட்டாம்பாக்கத்துக்கு அது சென்னை அளவுக்கே தூரம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் போய் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் தாம்பரம் போன்ற நெரிசல் வழியில் இல்லை. பழக்கத்தால்தான் நாம் வடக்கே போகிறோம்.

சென்னையின் வாசலில் நடந்த மாற்றம் இந்தப் பகுதி மக்களைத் தனியாகப் பாதித்திருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. அதற்கு முன் கோயம்பேடு போகும் பேருந்து ஜிஎஸ்டி சாலை வழியாக வந்தால் விமான நிலைய வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். இப்போது கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டிகளோடு மாநகரப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ மாற வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் பதினைந்தரைக் கிலோமீட்டர் திட்டம் முடிந்தால் இந்தச் சிக்கல் தீரும். கடலூர் மாவட்டத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு அந்தப் பதினைந்தரைக் கிலோமீட்டர் ஒரு புதிய விமான நிலையத்தைவிட மேலானது என்பது என் கணிப்பு.

ரயில் இதைவிட எளிய வழி. மேல்பட்டாம்பாக்கத்தில் பாசஞ்சர் ஏறினால் பண்ருட்டி, சேர்ந்தனூர் தாண்டி விழுப்புரம். அங்கிருந்து விரைவு ரயிலில் தாம்பரம். தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறி, திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். செலவு மிகக் குறைவு. சாலை நெரிசலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். முப்பது கிலோ பெட்டியோடு தாம்பரம் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பார்த்தவர் அடுத்த தடவை வேன் பேசிவிடுவார். சில ஆயிரங்களை அதற்காகக் கடன் வாங்கவும் செய்வார். தெற்கிலிருந்து எழும்பூர் போகும் விரைவு ரயில்கள் எல்லாம் திரிசூலத்தைக் கடந்துதான் போகின்றன. அவற்றை அங்கே நிறுத்த நடைமேடை அமைப்பையும் புறநகர் ரயில்களின் நெருக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். இரவு விமானங்களுக்கு ஏற்றபடி மாலையில் வருகிற இரண்டு ரயில்களுக்காவது அங்கே இரண்டு நிமிட நிறுத்தம் கொடுத்து, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை பேர் பெட்டியோடு இறங்குகிறார்கள் என்று எண்ணலாம்.